சூரியனின் நாட்குறிப்பும் சைபர் காவலர்களும்

பழனி மலைத்தொடரின் உச்சிப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதற்கு விடை காணச் சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டியிருந்தது. இயற்பியல் பேராசிரியராக இருந்து வானியலாளரான சார்லஸ் மிச்சி ஸ்மித் தேர்ந்தெடுத்த இடம் கொடைக்கானல். 1899-இல் ஆய்வுக்கூடம் அங்கே தொடங்கப்பட்டது.

1904 முதல், மேகம் மறைக்காத நாட்களிலெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் இங்கேதான். நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்துள்ள இந்தப் படங்கள் சூரியனின் நாட்குறிப்பு எனலாம். சூரியப் புள்ளிகள் கூடுவதும் குறைவதும் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒரு முறை நிகழும் சுழற்சி. ஒரு மனிதர் தம் ஆயுளில் ஏழெட்டுச் சுழற்சிகளைத்தான் காண முடியும். ஆகவே, முன்னோர் எடுத்த படங்களே இன்றைய விஞ்ஞானிக்கு மூலதனம்.

பழைய படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிம்களிலும் பதிவானவை. இன்று அவை எண்களாக மாற்றப்பட்டுக் கணிப்பொறியில் சேமிக்கப்பட்டுள்ளன. பூஞ்சைக்கும் ஈரத்துக்கும் இனி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் புதியதோர் அச்சம் பிறந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டைச் சுரண்டினால் கீறல் தெரியும். எண்ணைத் திருத்தினால் என்ன தெரியும்? 7 இருந்த இடத்தில் 2 இருந்தால், அது 'நான் திருத்தப்பட்டேன்' என்று சொல்லுமா?

இந்தக் கேள்வியிலிருந்துதான் சைபர் பாதுகாப்பு என்னும் கல்வி தொடங்குகிறது. 'அதற்கு எந்தச் சான்றிதழ் படிக்க வேண்டும்? என்ன வேலை கிடைக்கும்?' என்று மாணவர்கள் பலரும் இப்போது கேட்கிறார்கள். விளம்பரங்களும் கவர்ச்சியாகவே இருக்கின்றன. பெற்றோர் கடன் வாங்கிப் பணம் கட்டுமுன், இந்தக் கல்வி எது என்பதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

மூன்று கடமைகள்

தகவலைக் காப்பது என்றால் மூன்று பண்புகளைக் காப்பது என்று பொருள். அவை மறைவு, மெய்ம்மை, கிடைக்கும் தன்மை. மூன்றுக்கும் கொடைக்கானலிலிருந்தே எடுத்துக்காட்டுத் தரலாம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. பயணி தம் தொலைபேசி எண்ணையும் வாகன எண்ணையும் தங்கும் நாட்களையும் பதிவு செய்கிறார். ஒரு குடும்பம் எந்தெந்த நாளில் வீட்டில் இராது என்பது திருடனுக்குத் தெரியலாமா? கூடாது. இது மறைவு.

சூரியப் படம் எடுக்கப்பட்டபோது இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும். யாரும் ஒரு புள்ளியைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இது மெய்ம்மை.

மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் இ-பாஸைச் சரிபார்க்கும் கணிப்பொறி வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும்? கொண்டை ஊசி வளைவு வரை வண்டிகள் வரிசையில் நிற்கும். தகவல் பத்திரமாக இருந்தாலும், வேண்டிய நேரத்தில் கைக்கு வராவிட்டால் பயனில்லை. இது கிடைக்கும் தன்மை.

இந்த மூன்றாவது பண்பை அற்பமாக எண்ண வேண்டாம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்குதலுக்கு உள்ளாயின. நோயாளிகளின் பதிவுகளைப் பல நாட்கள் கையால் எழுதியே சமாளிக்க வேண்டியதாயிற்று. நோயாளிக்கு அது உயிர்ப் பிரச்சினை அல்லவா?

தாளும் பென்சிலும் போதும்

எண்ணைத் திருத்தினால் கண்டுபிடிக்க முடியுமா? ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். நான்கு நாட்களில் எண்ணிய சூரியப் புள்ளிக் கூட்டங்கள் 4, 7, 2, 9 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை 1-ஆலும், இரண்டாவதை 2-ஆலும், மூன்றாவதை 3-ஆலும், நான்காவதை 4-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 4 + 14 + 6 + 36 = 60. இதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. இந்த 5 என்பதை ஓர் ஓரத்தில் குறித்து வையுங்கள். இதுவே நம் முத்திரை எண்.

இப்போது படியெடுப்பவர் கவனக் குறைவால் 7-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றி எழுதிவிட்டார். 4, 2, 7, 9 என்று ஆகிவிட்டது. மறுபடி கணக்கிடுங்கள்: 4 + 4 + 21 + 36 = 65. மீதி 10. முத்திரை பொருந்தவில்லை, பிழை அகப்பட்டுக்கொண்டது! பத்தாம் வகுப்புக் கணிதத்தில் மட்டு எண்கணிதம் படித்தீர்களே, அது இங்கே காவல் வேலை செய்கிறது.

ஆனால் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். நம் முறையை அறிந்த ஒருவர் வேண்டுமென்றே 6, 6, 2, 9 என்று மாற்றுகிறார். 6 + 12 + 6 + 36 = 60. மீதி அதே 5! இரண்டு எண்கள் பொய்யாகிவிட்டன, முத்திரையோ மெய்யென்கிறது.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். சைபர் பாதுகாப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நம்மை ஏமாற்றுபவை வெப்பம், அதிர்வு, கை நடுக்கம் போன்றவை. அவற்றுக்குச் சூழ்ச்சி தெரியாது. நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்பதற்காக வெப்பம் வேறு வழியில் வந்து ஏமாற்றாது. பகைவன் அப்படி அல்லன். நம் காவல் முறையைப் படித்து, அதில் ஓட்டை தேடி, நாம் எதிர்பாராத வழியில் வருவான். பிழையைத் தடுப்பது பொறியியல். பகையைத் தடுப்பது பாதுகாப்பு.

இதற்காகவே வலிமை மிக்க முத்திரை முறைகளை அறிஞர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். எஸ்.எச்.ஏ.-256 என்பது அவற்றுள் ஒன்று. எவ்வளவு பெரிய படத்தைக் கொடுத்தாலும் அது 256 பிட்டுகள் கொண்ட முத்திரையைத் தரும். படத்தில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் முத்திரையில் ஏறத்தாழப் பாதி பிட்டுகள் மாறிவிடும். சாத்தியமான முத்திரைகளின் எண்ணிக்கை 2-இன் 256-ஆம் அடுக்கு. அதை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். அதே முத்திரை தரும் பொய்ப் படத்தைத் தேடிப் பிடிக்க இன்றுவரை யாராலும் இயலவில்லை. ஆனால் முத்திரையையும் படத்தையும் ஒரே பெட்டியில் வைத்தால், திருடன் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவான். எங்கே வைப்பது, யாரிடம் வைப்பது என்பதும் இந்தக் கல்வியின் பகுதியே.

என்னென்ன வேலைகள்?

'சைபர் பாதுகாப்பு வேலை' என்று ஒரே வேலை கிடையாது. மருத்துவத் துறையில் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என்று பலர் இருப்பதுபோல் இங்கும் பலர் உண்டு.

கண்காணிப்பாளர் இரவும் பகலும் வலைப்பின்னலில் நடப்பவற்றைப் பார்த்து, ஐயத்துக்கு இடமானவற்றை எடுத்துக்காட்டுகிறார். புதியவர்கள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறார்கள். ஊடுருவல் சோதனையாளர், உரியவரின் எழுத்துப்பூர்வமான அனுமதியுடன் பகைவனைப்போல் நுழைய முயன்று ஓட்டைகளைச் சொல்கிறார். தடயவியலாளர், குற்றம் நடந்த பின் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் சான்று தேடுகிறார். தணிக்கையாளர், நிறுவனம் விதிகளைப் பின்பற்றுகிறதா என்று சரிபார்க்கிறார். வணிகவியலும் சட்டமும் படித்தவர்களுக்கும் இதில் இடமுண்டு. வடிவமைப்பாளர், தொடக்கத்திலேயே ஓட்டையில்லாத அமைப்பைக் கட்டுகிறார்.

வடிவமைப்பாளரின் அருமைக்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் உறுதி செய்தது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்போ அந்த வலைப்பின்னலிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது. பிரித்து வைத்தவரின் முன்யோசனையே அங்கே காவல் நின்றது.

கணிதத்தில் ஆர்வம் மிக்கவர்களுக்குக் குறியாக்கவியல் ஆராய்ச்சி காத்திருக்கிறது. 2002-இல் தொடங்கி, சென்னை தரமணியில் இயங்கும் 'செட்ஸ்' நிறுவனம் இத்துறையில் ஆராய்ச்சி செய்கிறது. நாடு முழுவதும் நிகழும் தாக்குதல்களைக் கவனித்து எச்சரிக்கை தரும் மத்திய அரசு அமைப்பு 2004-இல் தொடங்கிய 'செர்ட்-இன்'.

சான்றிதழ் எதைச் சொல்லும்?

சான்றிதழ்களைப் பேருந்து நிறுத்தங்கள்போல் வரிசைப்படுத்திக் காணலாம். முதல் நிறுத்தத்தில் நிற்பது காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் போன்ற அடிப்படைத் தேர்வு. 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 கேள்விகள். தேறினால் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அடுத்து, ஓ.எஸ்.சி.பி. போன்ற செய்முறைத் தேர்வு. ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் தேர்வுக்கென அமைத்த கணிப்பொறிகளில் ஊடுருவிக் காட்ட வேண்டும். இன்னும் மேலே சி.ஐ.எஸ்.எஸ்.பி. அதன் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. பொதுவாக ஐந்து ஆண்டுப் பணி அனுபவமும் காட்ட வேண்டும். உரிய பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும். 'பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆறே மாதத்தில் சி.ஐ.எஸ்.எஸ்.பி.' என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அதன் பொருள் என்னவென்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

பட்டம் படித்தபின் சேரக்கூடிய படிப்புகளும் உண்டு. சி-டாக் நிறுவனம் கணிப்பொறிக் கட்டமைப்பும் பாதுகாப்பும் பற்றிய முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. குஜராத்தின் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சைபர் பாதுகாப்புப் படிப்புகள் உள்ளன. ஐ.ஐ.டி.க்கள் இணைந்து நடத்தும் என்.பி.டெல் பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகக் கேட்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கு மட்டும் கட்டணம்.

சான்றிதழ் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஊரறியாத ஒரு மலைக்கிராமத்து மாணவியின் விண்ணப்பத்தைத் தொலைதூர நிறுவனம் பிரித்துப் பார்க்க அது உதவும். ஆனால் அதுவும் நம் முத்திரை எண் போன்றதே. உள்ளே இருக்கும் எண்கள் மெய்யாக இருந்தால்தான் முத்திரைக்கு மதிப்பு. விடைகளை மனப்பாடம் செய்து வாங்கிய சான்றிதழ், 6, 6, 2, 9 தந்த 5-ஐப் போன்றது. நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

இன்றே என்ன செய்யலாம்?

முதலில், கணிதத்தை விடாதீர்கள். மட்டு எண்கணிதம், பகா எண்கள், நிகழ்தகவு ஆகிய மூன்றும் பின்னாளில் பெரிதும் கைகொடுக்கும்.

இரண்டாவதாக, ஒரு பழைய கணிப்பொறி கிடைத்தால் அதில் லினக்ஸ் நிறுவிப் பழகுங்கள். அது இலவசம். நிறுவியபின் அன்றாடப் பயிற்சிக்கு இணையமும் வேண்டியதில்லை. சிக்னல் எட்டாத மலைக்கிராமத்திலும் பழகலாம். எஸ்.எச்.ஏ.-256 முத்திரையைக் கணக்கிடும் கட்டளை அதிலேயே உண்டு. ஒரு படத்துக்கு முத்திரை எடுங்கள், ஒரு புள்ளியை மாற்றி மறுபடி எடுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவதாக, பைத்தான் அல்லது சி மொழியில் சிறு நிரல்கள் எழுதுங்கள். மேலே நாம் செய்த முத்திரைக் கணக்கே முதல் பயிற்சியாகட்டும்.

நான்காவதாக, 'பிக்கோ சி.டி.எஃப்.' என்னும் புதிர்ப் போட்டியில் கலந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களை மனத்தில் கொண்டு இதை இலவசமாக நடத்துகிறது. ஊடுருவிப் பார்ப்பதற்கென்றே அமைத்த புதிர்கள் அதில் இருக்கின்றன.

ஏன் அதை வலியுறுத்துகிறேன்? கற்றதைப் பள்ளிக் கணிப்பொறியிலோ நண்பனின் கணக்கிலோ சோதித்துப் பார்க்கும் ஆசை எழும். வேண்டாம்! அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறியில் நுழைவதற்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இழப்பீடு விதிக்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். திறந்து கிடக்கும் கதவு, உள்ளே வரச் சொல்லும் அழைப்பு ஆகாது. வீட்டில் யாரேனும் இணைய மோசடியில் பணம் இழந்தால், தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். அதுவும் காவல் பணியே.

1904-இல் கொடைக்கானலில் சூரியனைப் படம் பிடித்தவர், 120 ஆண்டுகளுக்குப் பின் யார் அதைப் பார்ப்பார் என்று அறிந்திருக்க மாட்டார். ஆயினும் தேதி தவறாமல் பதிந்து வைத்தார். அந்த நேர்மையை நம்பித்தான் இன்றைய விஞ்ஞானி கணக்குப் போடுகிறார். இன்னும் 120 ஆண்டுகளுக்குப் பின் வரும் விஞ்ஞானியும் அவ்வாறே நம்ப வேண்டுமானால், இடையில் காவல் நிற்க ஆட்கள் தேவை. அவர்களுள் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அதற்கான முதல் கணக்கைத்தான் இப்போது போட்டுப் பார்த்தீர்கள்!