கான்ட்ராக்டரிடம் வீட்டை ஒப்படைக்கும் முன்...



போன வருஷம் ஊரில் அப்பா வீடு கட்ட ஆரம்பித்தார். "எழுத்தெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதானே முக்கியம்" என்றார் கான்ட்ராக்டர். அப்பாவும் தலையாட்டிட்டார். பேஸ்மென்ட் முடியும் முன்பே பாதிப் பணத்துக்கு மேல் கைமாறியாச்சு. லிண்டல் மட்டத்தில் ஆளையே காணோம். மீதி வேலைக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போனது. சிவில் படிக்கிற நான் அப்போ ஹாஸ்டலில் செமஸ்டருக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன். உங்க வீட்டிலும் இப்படி நடக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

1. வெறும் சதுர அடி ரேட்

"சதுர அடிக்கு இவ்வளவு" என்றால் அதுக்குள் என்னென்ன அடக்கம்? சிமென்ட், கம்பி எந்த பிராண்ட்? செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு சுவர் சேர்த்தியா? "எல்லாம் நல்லதாவே போட்டுடலாம்" என்று மட்டும் பதில் வந்தால் உஷார். பிறகு ஒவ்வொன்றும் 'எக்ஸ்ட்ரா' ஆகிவிடும். மற்றவர்களைவிட ரொம்பக் குறைந்த ரேட் சொன்னாலும் இதே சந்தேகம் வரணும்.

2. பெரிய அட்வான்ஸ்

பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால்தான் போகணும். அஸ்திவாரம், பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்க. இதுக்குச் சம்மதிக்காதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

3. போட்டோ மட்டும் காட்டுவது

அவர் கட்டிய வீட்டை நேரில் பாருங்க. ஒரு மழைக்காலமாவது தாண்டிய வீடாக இருக்கட்டும். அவரைத் தள்ளி வைத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் தனியாகக் கேளுங்க: ஒழுகுதா? சொன்ன பணத்தில் முடிந்ததா?

4. "பிளான் அப்ரூவல் அப்புறம் பாத்துக்கலாம்"

அப்ரூவல் இல்லாமல் கட்டினால் பிரச்சினை கான்ட்ராக்டருக்கு இல்லை, உங்க அப்பாவுக்குத்தான். பேங்க் லோனும் சிக்கலாகும்.

5. "தண்ணி ஊத்தினாத்தான் கலவை நல்லா ஓடும்"

இது நம்ம ஏரியா! தண்ணீர் கூடினால் காங்கிரீட்டின் வலிமை குறையும். ஐ.எஸ். 456 படி, எம்20 நாமினல் கலவைக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர்தான். கியூரிங் சாதா ஓ.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. என்றால் 10 நாள். "மூணு நாள் போதும்" என்பவரிடம் ஏன்னு கேளுங்க. கம்பியையும் சோதிக்கலாம்: விட்டத்தை மி.மீ.யில் வர்க்கப்படுத்தி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி என்றால் சுமார் 0.89 கிலோ. தராசு அதைவிட ரொம்பக் குறைத்துக் காட்டினால் கேள்வி கேளுங்க.

இதெல்லாம் கேட்கும்போது அவர் முகத்தையும் கவனிங்க. "படிக்கிற பையன், உனக்கென்ன தெரியும்" என்று எரிந்து விழுவதே பெரிய எச்சரிக்கை.

எங்க வீட்டை முடித்துக் கொடுத்தது பக்கத்து ஊர் மேஸ்திரி ஒருத்தர். முதல் நாளே அவராகவே ஒரு பேப்பர் கேட்டு, கணக்கை எழுதி, "படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க சார்" என்று அப்பாவிடம் நீட்டினார். நம்பிக்கைன்னா அதுதான்.