முழங்கால் மூடினால் போதுமா?

குதிரையின் முன்னங்கால் நடுவில் மடங்குகிறதே, அதை முழங்கால் என்கிறார்கள். எலும்புக் கணக்கில் பார்த்தா அது நம்ம மணிக்கட்டு! இந்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, "மூடிருச்சு, இனி வேகமா ஓட்டலாம்" என்று முடிவு செய்யும் வழக்கம் பந்தயக் குதிரை வளர்ப்பில் உண்டு.

எது மூடுகிறது? வளரும் எலும்பின் முனையருகே குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். பெயர் வளர்ச்சித் தட்டு. எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ந்து முடிந்ததும் அந்த அடுக்கும் எலும்பாகிவிடும். அதைத்தான் மூடுவது என்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், எல்லாத் தட்டுகளும் சேர்ந்து மூடுவதில்லை. குளம்பை ஒட்டியவை முதல் வருஷத்துக்குள் மூடிவிடும். எக்ஸ்ரேயில் பார்க்கிற ஆரை எலும்பின் கீழ்முனைக்குச் சுமார் இரண்டு, இரண்டரை வயசாகும். தோளும் இடுப்பும் அதற்கும் பிறகு. கடைசியில் முதுகெலும்பு, ஐந்தாறு வயது வரை. நாம உட்காருவது எங்கே? அதே முதுகில்தான். எந்த இனமானாலும் ஆறு வயதுக்கு முன் எலும்புக்கூடு முதிர்வதில்லை என்று டெப் பென்னட் எழுதியது இதை வைத்துத்தான்.

பந்தய உலகமோ இரண்டு வயதிலேயே ஓடவிடுகிறது. அந்த 'இரண்டு வயது'கூடக் காகிதக் கணக்கு. அமெரிக்காவில் தரோபிரெட் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள். மே கடைசியில் பிறந்த குட்டி, காகிதத்தில் இரண்டு வயதாகும் அன்று நிஜத்தில் 19 மாதக் குட்டி.

இதையெல்லாம் படித்துவிட்டு நானும் கொஞ்ச நாள் 'ஆறு வயசு வரை தொடாதே' கட்சியில் இருந்தேன். என்னை அசைத்தது டேவிட் நுனமேக்கர் பென்சில்வேனியாவில் செய்த ஆய்வு. இளம் பந்தயக் குதிரைகளுக்கு முன்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு வீங்கி வலிப்பது சகஜம். மெதுவான நீண்ட ஓட்டம் மட்டும் கொடுத்தால் எலும்பு அந்த மெதுவான ஓட்டத்துக்கே பழகுகிறது, வேகத்துக்குத் தயாராவதில்லை. குறைந்த தூரம், ஆனால் அடிக்கடி வேகம் என்று பயிற்சியை மாற்றியபோது இந்தத் தொல்லை குறைந்தது. அதாவது தட்டு மூடுவது வேற, எலும்பு உறுதியாவது வேற. முதலாவதுக்குக் காலம் வேணும், இரண்டாவதுக்கு வேலை வேணும். லாயத்தில் சும்மா நின்ற குதிரைக்கு ஆறு வயசானாலும் எலும்பு உறுதியாகிவிடாது.

இரண்டு வயதில் ஓடத் தொடங்கியவை அதிக காலம் ஓடின என்றும் ஆய்வுகள் உண்டு. அதை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம். நொண்டாத, வலுவான குட்டியைத்தானே இரண்டு வயதில் இறக்குவார்கள்?

ஆனா குட்டி ஓடுவதற்கு முதுகில் ஆள் தேவையில்லையே. திறந்த மேய்ச்சல் நிலத்தில் தன் எடையோடு தானே பாய்ந்து ஓடும் குட்டிக்கு, எலும்புக்கு வேண்டிய வேலை பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. குட்டியை மேயவிட்டு வளர்த்து, சுமார் நான்கு வயதில் பயிற்சியைத் தொடங்குகிற வியன்னாவின் லிப்பிசானர்காரர்கள் வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கேயும் முதுகெலும்பு இன்னும் மூடியிருக்காது. அதனால்தான் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் மட்டும் ஏறுவது, அதுவும் நேர்கோட்டில்.