கடியப்பட்டணத்தில் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்!

ஞாயிற்றுக்கிழமை காலை. மட்டன் வாங்கிக் கொடுத்துவிட்டு, பேப்பரை விரித்து உட்கார்ந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன்.

"லேய், ஒனக்க மருமவன் கம்ப்யூட்டரைக் கெடுத்துப்போட்டான். கல்யாண வீடியோ எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. ஒடனே வா!"

நான் பி.காம். வீட்டில் முதன்முதலில் கால்குலேட்டர் வைத்திருந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, பிளக் உள்ள எந்தச் சாமான் படுத்தாலும் கூப்பிடுவது என்னைத்தான். வழக்கமாக ஏதாவது சாக்கு சொல்வேன். இந்தத் தடவை சொல்லவில்லை. 2022-ல் நடந்த அக்கா மகள் கல்யாணம் அது. என் அப்பா வேட்டி சட்டையில் நிமிர்ந்து நின்ற கடைசி விசேஷம். அடுத்த மாசமே படுக்கையில் விழுந்தவர், எழுந்திருக்கவில்லை. மட்டனைத் தியாகம் செய்துவிட்டு பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் முட்டம் கலங்கரை விளக்கம் தெரியும். ஜன்னலைத் திறந்தால் அலை சத்தமும், அதோடு இலவசமாக உப்பும் உள்ளே வரும். மருமகன் மூலையில் திருதிருவென்று நின்றான். மேஜை மேல் பெட்டி. உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கும்மிருட்டு.

"என்ன மக்கா செய்தே?"

"ஒண்ணும் செய்யல்ல மாமா... கொஞ்சம் ஓவர்க்ளாக் பண்ணினேன்."

கொஞ்சமாம்!

ஓவர்க்ளாக் என்றால் என்னவென்று ஆபீஸ்வாசிகளுக்குச் சுலபமாகச் சொல்லலாம். எட்டு மணி நேர சம்பளத்துக்குப் பத்து மணி நேர வேலை வாங்குவது. கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓட வைப்பது. இதில் புராணப் புகழ் பெற்றது, 1998 ஆகஸ்டில் இன்டெல் விட்ட செலரான் 300ஏ. மலிவு விலை சிப். மதர்போர்டில் 66 மெகாஹெர்ட்ஸை 100 ஆக மாற்றினால் போதும். உள்ளே இருக்கும் பெருக்கல் நாலரை. நாலரை நூறு நானூற்றைம்பது! 300-க்குக் காசு கொடுத்து 450-ஐ வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ருசிதான் இன்றுவரை பையன்களை விடமாட்டேன் என்கிறது.

மருமகன் பெட்டியில் இருந்தது ரைசன் 5 3600. தேவைப்பட்டால் தானாகவே 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறும் சிப். இவன் ஏதோ வீடியோவைப் பார்த்து, ஆறு கோர்களையும் நிரந்தரமாக 4.3-ல் பூட்டி, வோல்ட்டேஜை 1.4-க்கு ஏற்றியிருக்கிறான். அதோடு விட்டானா? மெமரியையும் 3600-க்குத் தள்ளியிருக்கிறான். முதல் வாரம் ஜோர். இரண்டாம் வாரம் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கேம் மூடிக்கொண்டது. மூன்றாம் வாரம் நீலத் திரை. நேற்று ராத்திரி இருட்டு.

இருட்டைப் போக்குவது சுலபம். கரண்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியைக் கழற்றி, ஒரு காப்பி குடிக்கிற நேரம் காத்திருந்தேன். பயாஸ் பழசையெல்லாம் மறந்தது. திரையில் வெளிச்சம்!

அக்கா உடனே சிலுவை போட்டுக்கொண்டாள். நான் போடவில்லை. டிரையல் பேலன்ஸ் ஒருமுறை டேலி ஆனதற்காக சந்தோஷப்படும் ஆள் நான் இல்லை. வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளி ஒளித்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே தப்பு என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு ஒரே விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மருமகன் மூன்றை ஒன்றாக மாற்றியதால்தான் எது குற்றவாளி என்றே தெரியாமல் நின்றான்.

முதலில் சூடு. சாதாரண வேகத்திலேயே ப்ரைம் 95 ஓட விட்டேன். 94 டிகிரி! இந்தச் சிப்புக்கு எல்லை 95. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பின்னாலிருந்து அத்தான் குரல். "வள்ளத்து எஞ்சின் தண்ணி துப்புதான்னு பாக்காம முறுக்கினா சீஸ் ஆவும்லா? இதுலயும் அப்படி ஒண்ணு காணும் பாரு."

முப்பது வருஷம் கடலுக்குப் போகிறவர். மவுஸைத் தொட்டதே இல்லை. நோயைக் கண்டுபிடித்தது அவர்தான்! பெட்டியைத் திறந்தால் கூலரின் இடுக்கெல்லாம் கறுப்பு மணல் தூசி, உப்பு ஈரத்தில் அப்பிக் கிடக்கிறது. காற்று போக வழியே இல்லை. லேசுப்பட்ட மணல் இல்லை, ஐயா. இங்கிருந்து வெளிநாடு போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டுத்தான், 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் பக்கத்து மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். உலகமே தேடி வந்த சரக்கு என் மருமகனின் விசிறியில் சும்மா கிடந்தது.

பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். கூலரைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இந்த வகை மதர்போர்டில் வெடுக்கென்று இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு சிப்பும் பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளைந்துவிடும். சூடாக இருக்கும்போதே இடமும் வலமும் பையத் திருகி எடுக்க வேண்டும். புதுப் பேஸ்ட் வைத்து மாட்டியதும் 78 டிகிரி.

மருமகனுக்கு ஒரு கணக்கும் சொன்னேன். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடும்; வோல்ட்டேஜோடு அதன் வர்க்கத்தில் கூடும். 1.2 வோல்ட் 1.4 ஆனால் அதற்கு மட்டுமே 36 சதவீதம் கூடுதல் சூடு. வரவு?

"96 ஃப்ரேம் வந்த எடத்துல 99 வந்துது மாமா."

மூன்று ஃப்ரேம்! கந்துவட்டிக்காரனே இதைவிட நியாயமானவன். (முறுக்கினால்தான் வம்பு என்றும் இல்லை. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் தாமாகவே தடுமாறின. சிப்பே அளவுக்கு மீறி வோல்ட்டேஜ் கேட்கிறது என்று கம்பெனி ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டியது.)

அடுத்து மெமரி. நான் பயந்ததே இதற்குத்தான். சிப் சூடானால் நின்றுவிடும், தெரிந்துவிடும். மெமரி பிசகினால் சத்தமே இருக்காது. ஒரு ஃபைலை நகல் எடுக்கும்போது நடுவில் ஒரே ஒரு பிட் புரண்டாலும், "காப்பி முடிந்தது" என்று சிரித்த முகத்தோடு சொல்லும்.

இவன் போன மாசம்தான் கல்யாண வீடியோ 41 ஃபைலையும் ஜிப் ஆக்கிவிட்டு, பென்டிரைவை அழித்து நண்பனுக்குக் கொடுத்திருக்கிறான். போன வாரம் திறந்து பார்த்தால் 9 ஃபைல் பிழை என்றதாம். அம்மாவிடம் சொல்லவில்லை.

மெம்டெஸ்ட் 86-ஐ ராத்திரி முழுக்க ஓட விட்டுத் திண்ணையில் படுத்தேன். கொசுக்கடியில் எங்கே தூக்கம்! விடியற்காலை பார்த்தேன். சாதாரண வேகத்தில் ஒரு பிழை இல்லை. 3200-க்கு ஏற்றியதும் பதினோராவது நிமிஷம் சிவப்பு வரிசை. இரண்டு குச்சிகளையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்ததில், செகண்ட்ஹேண்டில் வாங்கிய குச்சிதான் திருடன். 2933-ல் அதுவும் சாதுவாகிவிட்டது. அங்கேயே நிறுத்தினேன்.

அப்புறம்தான் ஜிப்பைத் தொட்டேன். 9 பிழை 2 ஆனது! மற்ற ஏழும் கெடவே இல்லை, படிக்கும்போதுதான் தப்பாகப் படித்திருக்கிறது. மிச்சம் இரண்டும் ஜிப் போடும்போதே கெட்டவை. ஒன்று கேக் வெட்டியது, போகட்டும். மற்றது, பெண் கோயிலுக்குப் புறப்படும் காலை.

ஸ்டூடியோவுக்குப் போன் போட்டோம். ஒரு வருஷத்துக்கு மேல் வைப்பதில்லையாம்.

கெட்டுப்போன ஃபைலையும் விட்டுவைக்கும்படி டிக் போட்டு மறுபடி பிரித்தேன். ஓட விட்டோம். அக்கா அடுக்களையை விட்டு வந்துவிட்டாள். அப்பா வருகிறார், பேத்தியின் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோகிறார், திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள்... இரண்டு விநாடி. பிறகு அப்பா முகம், பளிச்சென்று. "காப்பி குடிச்சாச்சா மக்கா?" என்று பேத்தியைக் கேட்கிறார்.

"பாட்டா குரல் கெடல்ல மாமா," என்றான் மருமகன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அத்தான் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டோம். பிறகு மூன்று பென்டிரைவில் நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, ஒன்றை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.