வழி கூறுவோரை நம்பலாமா?

இணையம் என்பது ஒரே வலை அன்று. பல்லாயிரம் தனித்தனி வலையமைப்புகள் தத்தம் அண்டையாருடன் இணைந்து நிற்பதற்கே நாம் அப்பெயரை இட்டிருக்கிறோம். ஒவ்வொன்றும் தன்பால் உள்ள முகவரிகளை, "இவற்றுக்குச் செல்வன என் வழியே வருக" என்று அண்டையாருக்கு அறிவிக்கிறது. அண்டையார் அதனைத் தம் அண்டையாருக்குக் கூறுகின்றனர். பொறியாளர் இம்முறையைப் பி.ஜி.பி. என்பர். அவ்வாறு அறிவிப்பதற்குக் கூறுபவருக்கு உரிமை உண்டா என்று இம்முறை தானாக ஆராய்வதில்லை. இடர் பிறக்கும் இடம் இதுவே.

2008-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், யூடியூப்பைத் தன் நாட்டில் தடுக்குமாறு பாகிஸ்தான் அரசு ஆணையிட்டது. ஆணை முறையா என்பது வேறு வழக்கு. அது நமக்கு இங்கு வேண்டா. பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் 24-ஆம் நாள், யூடியூப் முகவரிகளுக்கு வழி தன்னிடமே இருப்பதாக ஓர் அறிவிப்பை எழுப்பியது. அதனை நம்பி வந்த செய்திகள் கிணற்றில் போட்ட கல்லாயின. உள்நாட்டோடு நிற்க வேண்டிய அவ்வறிவிப்பு வெளியே கசிந்தது. ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. நிறுவனம் அதனை ஏற்று உலகெங்கும் பரப்பியது.

மெய்யான வழியும் இருக்கையில் உலகம் பொய்யான வழியை ஏன் நாடியது? யூடியூப் தன் முகவரிகளில் 1024-ஐ ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. புதிய அறிவிப்போ அவற்றுள் 256-ஐ மட்டும் சுட்டியது. ஊருக்கு வழி காட்டும் பலகையையும், அவ்வூரில் தான் தேடும் தெருவுக்கே வழி காட்டும் பலகையையும் ஒருங்கே காணும் வழிப்போக்கன் பின்னதைத்தானே பின்பற்றுவான்? ரூட்டர் எனும் கருவியும் குறுகிய தொகுதியையே தேர்கிறது. யூடியூப் பொறியாளர் தாமும் அதே 256-ஐ அறிவித்தனர். பின்னர் அதனை 128, 128 என இரண்டாகப் பிளந்து அறிவித்தனர். ஹாங்காங் நிறுவனம் அப்பொய் வழியை விலக்கியபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்திருந்தது.

இதனைத் தடுக்கவல்லது வழிக்கொள்கை. எந்த முகவரி, யாரிடமிருந்து, எவ்வழியாக வருகிறது என்று பார்த்து, ஏற்பதா, தள்ளுவதா, மதிப்பைக் கூட்டுவதா குறைப்பதா என ரூட்டருக்கு எழுதி வைக்கும் விதித்தொகுப்பே அது. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். எதிலும் பொருந்தாததைத் தள்ளுக என்பது இறுதி விதியாக இருத்தல் நன்று. மதிப்பைக் குறைத்து வைத்தால் போதாதோ என நீங்கள் கேட்கலாம். போதாது. ஒரே தொகுதிக்குரிய இரு வழிகளை ஒப்பிடவே மதிப்பு பயன்படும். குறுகிய தொகுதி தனியே நின்று வென்றுவிடும். அதனை வாயிலிலேயே தடுத்தாக வேண்டும். வெளியே விடாத வடிகட்டி பாகிஸ்தானில் இருந்திருக்க வேண்டும். உள்ளே ஏற்காத வடிகட்டி ஹாங்காங்கில் இருந்திருக்க வேண்டும். என் மதிப்பில் பின்னதே பெருங்குறை. வாடிக்கையாளருக்கு உரிய முகவரிகள் எவை என்று அறிந்து, அவற்றை மட்டுமே ஏற்பது இடைநிறுவனத்தின் கடமை.

கொள்கை எழுதப்படாத அயல் இணைப்பில் எவ்வழியையும் ஏற்கவும் கூடாது, அறிவிக்கவும் கூடாது என்று 2017-இல் இணையப் பொறியியற் பணிக்குழு விதித்தது. முகவரிக்கு உரியவர், அதனை எந்த வலையமைப்பு அறிவிக்கலாம் என்று மின்கையொப்பமிட்டுப் பதியும் முறையும் இன்று பரவியுள்ளது. 2008-இன் அறிவிப்பு அச்சோதனைக்கு உட்பட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். எனினும் அக்கையொப்பம் வழி தொடங்கும் இடத்துக்கே சான்று. இடையில் நிற்போருக்கு அன்று.