போனில் வரும் விளம்பரமும் வாக்குறுதிதான்

சென்னை மதுரவாயலைத் தாண்டி வானகரம் வரை பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் வீட்டு விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. பலகையில் எழுதியதை ஊரே படிக்கும். விலையோ பரப்பளவோ பொய்யென்றால் நாலு பேர் கேட்பார்கள். அதே வீட்டின் விளம்பரம் போனில் வரும்போது நிலைமை வேறு. வீட்டுக் கடன் வட்டியைத் தேடியவருக்கு மாதத் தவணைக் கணக்கு வருகிறது. குழந்தைக்குப் பள்ளி தேடிய தாய்க்கு, அருகில் எத்தனை பள்ளிகள் என்ற படம் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பது இன்னொன்று. மறுநாள் தேடினால் எதுவும் கிடைக்காமல் போகலாம்.

விளம்பரத்தில் சொன்னதற்கு விற்பவரைப் பொறுப்பாக்கும் சட்டங்கள் இன்று வலுவாகவே இருக்கின்றன. ஆனால் என்ன சொன்னார்கள் என்பதைக் காட்ட வேண்டியவர் புகார் கொடுப்பவர். மறைந்துபோகும் விளம்பரத்தைக் கையில் பிடித்து வைக்காதவருக்கு அந்தச் சட்டங்களால் பெரிய பயன் இல்லை.

புதிய உத்திகள் எல்லாமே கெடுதல் என்று தள்ளிவிட முடியாது. 2021 தீபாவளிக்கு கேட்பரி நிறுவனம் ஷாருக் கானின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மாற்றி, தெருமுனைக் கடைக்காரர்கள் தங்கள் கடையின் பெயரை அவரே சொல்வதுபோல் விளம்பரம் செய்துகொள்ள வழி செய்தது. 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் இதே தொழில்நுட்பத்தால் பாட வைத்தார். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். அனுமதியும் ஊதியமும் இருந்ததால் அது கலை. அவை இல்லாத இடத்தில் அதே நுட்பம் திருட்டாகிவிடுகிறது.

வானகரம், திருவேற்காடு, ஆவடிப் பக்கம் மறைந்துபோகும் விளம்பரத்தின் ஆபத்து முதலில் வீட்டு விற்பனையில்தான் தெரிகிறது. 'வரப்போகிறது' என்ற சொல்லுக்கு இங்கே பெரிய விலை உண்டு. சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012-இல் வேலை நின்றது. பத்தாண்டு கழித்து, 2022 மே மாதம், பிரதமர் மோடி மீண்டும் அடிக்கல் நாட்டினார். முதல் அடிக்கல்லை நம்பி இந்தப் பக்கம் வீடு வாங்கியவரின் கடனில் பெரும்பகுதி இதற்குள் அடைந்திருக்கும். சாலை மட்டும் வரவில்லை. 'கோயம்பேடு பத்து நிமிடம்' என்ற விளம்பர வரியை மாலை ஆறு மணிக்கு மதுரவாயல் சந்திப்பில் நின்று படித்தால்தான் அதன் உண்மை தெரியும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகளுடன் வரும் திட்டத்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. மீறினால் திட்ட மதிப்பீட்டுச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். எந்த ஊடகத்தில் வந்தாலும் விளம்பரம் விளம்பரம்தான் என்கிறது சட்டம். ஆகவே வாட்ஸ்அப்பில் தரகர் அனுப்பும் படமும் இதில் அடங்கும்.

சட்டத்தின் 12-ஆம் பிரிவை வீடு தேடும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய பொய்யை நம்பிப் பணம் கட்டியவர் திட்டத்திலிருந்து விலகலாம். கட்டிய முழுத் தொகையும் வட்டியோடும் இழப்பீட்டோடும் அவருக்குத் திரும்ப வர வேண்டும். 13-ஆம் பிரிவு இன்னொரு காவல்: விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. 'இன்று மாலைக்குள் அட்வான்ஸ் போட்டால்தான் இந்த விலை' என்று செய்தி வந்தால், முதல் வேலையாகப் பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். புகாரும் அங்கேயே தரலாம்.

வீட்டைச் சுற்றிக் காட்டும் யூடியூபர்களும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரம் கொடுத்தவருக்கும் அதற்கு முகம் கொடுத்தவருக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். முகம் கொடுத்தவர் வேறு எந்த விளம்பரத்திலும் வராதபடி முதலில் ஓராண்டு வரையும், தொடர்ந்தால் மூன்றாண்டு வரையும் தடை போடலாம்.

இதெல்லாம் ஏட்டில்தான் என்று நினைப்பவர்கள் இரண்டு வழக்குகளைப் பார்க்கலாம்.

'ஐந்து நிமிடத்தில் ஆட்டோ, இல்லையேல் 50 ரூபாய்' என்று ராபிடோ நிறுவனம் விளம்பரம் செய்தது. 50 ரூபாய் என்பது உண்மையில் '50 ரூபாய் வரை'. அதுவும் பணமாக வராது, ராபிடோ நாணயமாக வரும். அந்த நாணயம் ஏழு நாளில் காலாவதி. பைக் பயணத்துக்கு மட்டும் செல்லும். இந்த நிபந்தனைகள் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் இருந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாக்குறுதிப்படி 50 ரூபாய் கிடைக்காதவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிட்டது.

மற்றது நம் பக்கத்திலேயே, திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நடந்தது. 2021 டிசம்பரில் மணலிக் கடையொன்றில் ஒருவர் தெருநாய்களுக்குப் போட ஐடிசி நிறுவனத்தின் பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கினார். உறையில் 16 என்றிருந்தது, உள்ளே 15. ஒரு பிஸ்கட்டின் விலை 75 காசு. எண்ணிக்கைக்கு அல்ல, எடைக்குத்தான் விற்கிறோம் என்றது நிறுவனம். உறையில் போட்டிருந்ததைவிட எடையும் குறைவாகவே இருந்தது. 2023-இல் ஆணையம் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 75 காசுதானே என்று அவர் விட்டிருந்தால் கேட்க நாதி இருந்திருக்காது. கையில் உறை இருந்ததுதான் வழக்கின் உயிர். போன் விளம்பரத்துக்கு அந்த உறை கிடையாது. வாங்குகிறவரே அதைச் செய்துகொள்ள வேண்டும்.

ஆப்களின் திரையிலும் தந்திரங்கள் உண்டு. 'இன்னும் இரண்டே மிச்சம்' என்று போலியாக அவசரப்படுத்துவது, கேட்காத காப்பீட்டையோ நன்கொடையையோ கூடையில் சேர்த்துவிடுவது, கடைசித் திரையில் புதிய கட்டணத்தைக் காட்டுவது, சந்தாவை ஒரே தட்டில் சேர்த்து ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பது: இப்படி 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு தடை செய்தது. பில்லில் புரியாத தொகை ஏதாவது இருந்தால் அதையும் படம் எடுத்து வைத்துப் புகார் செய்யலாம்.

இந்த விளம்பரங்களுக்கெல்லாம் தீனி நம் தகவல்தான். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் 'நம்பர் சொல்லுங்க சார்' என்றதும் பலர் யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். பில் போட நம்பர் கேட்டு வற்புறுத்தக்கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியது. 'நம்பர் இல்லாமல் பில் போடுங்க' என்று சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தகவலை அழிக்கச் சொல்லவும் அது உரிமை தருகிறது. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருப்பதால், அதுவரை எச்சரிக்கைதான் காவல். தொல்லை தரும் விற்பனை அழைப்புகளை 1909-இல் பதிந்து நிறுத்தலாம். அதன் பிறகும் வந்தால் ஏழு நாளுக்குள் புகார் தர வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது போலி முகம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஏதோ முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைப்பதுபோல் வந்த காணொளிகள் போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஓய்வூதியப் பணத்தை வைத்திருக்கும் பெரியவர்கள்தான் இதற்கு அதிகம் இரையாகக் கூடியவர்கள். இப்படிப் பணம் போனால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிடமே 1930-ஐ அழைக்க வேண்டும். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே போகும். சீக்கிரம் சொன்னால் வங்கிகள் அதை நடுவழியில் முடக்க வாய்ப்புண்டு. நாள் தள்ளினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

மற்றப் புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் மும்பையில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இணையம் வழியாகவும் மனு செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

பணம் கட்டும் முன் விளம்பரத்தைத் தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பொடி எழுத்தையும் பெரிதாக்கி எடுங்கள். தரகரின் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் இப்போது ஓடும் விளம்பரங்களை மெட்டாவின் விளம்பர நூலகத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். அதில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1915, 1930, 1909 மூன்றையும் இன்றே வீட்டுப் பெரியவர்களின் போனில் பதிந்து கொடுங்கள்.