கமலை மாடும் மோட்டாரும்

தை மாதத்தில் அலங்காநல்லூர் வாடிவாசலில் காளைகள் அவிழ்த்துவிடப்படுவதைக் காணத் திரளும் ஜனங்கள், பொழுது சாய்ந்ததும் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடுகின்றனர். அவர்களில் எவரேனும் மறுநாளும் அங்கே தங்கிக் காளை வளர்ப்போருடன் பேசிப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். காளை ஒரு வேளை தீனியைக் குறைத்தாலும் காரணம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அதன் மூச்சிலே மாற்றம் கண்டாலும், குளம்பை ஊன்றுவதிலே தயக்கம் கண்டாலும், உடனே கவனிப்பார்கள். நீச்சல், நடை, மண் குத்துதல் என்று அதற்கு வேளை தவறாமல் பயிற்சி அளிக்கிறார்கள். எந்தக் கலாசாலையிலும் கற்காத அறிவு இது. தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது.

இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை மதுரைச் சீமையில் மாடுகள்தாம் கிணற்று நீரையும் இறைத்தன. கமலை பூட்டி, வடத்தைக் கட்டி, சாலில் நீரை மொண்டு, தும்பி வழியே வாய்க்காலில் விட்டார்கள். கமலை ஓட்டுகிறவன் தன் மாட்டின் சக்தியை அறிவான். எத்தனை சால் இறைத்தால் அது களைக்கும், எப்பொழுது அவிழ்த்துத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பதை அவனுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கமலை போயிற்று. மாடு நின்ற இடத்தில் இன்று மின்சார மோட்டார் நிற்கிறது. மாட்டைப் பற்றி அவ்வளவு அறிந்த குடியானவர், அதன் இடத்திற்கு வந்த மோட்டாரைப் பற்றி எவ்வளவு அறிவார்? இதுவே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

சென்ற கோடையில் அப்பக்கத்துக் கிராமமொன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, ஒரு பெரியவர் தம் மோட்டாரை மாட்டு வண்டியிலேற்றிக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, மோட்டாருக்கு என்ன?" என்றோம்.

"கருகிப்போச்சுங்க ஐயா. வருஷம் ஒரு தரம் இப்படித்தான்" என்றார், மழை பெய்யவில்லை என்று சொல்லுகிறவரைப் போல.

ஏன் கருகியது என்று கேட்டோம். கரண்டு சரியில்லை என்றார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னோம். அதிலே ரிலே இருந்தது. ஆனால் அடிக்கடி அது மோட்டாரை நிறுத்திவிடுகிறதென்று, அதற்கு வேலையில்லாதபடி ஒரு கம்பித் துண்டால் இணைத்திருந்தார்கள். பீஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பி இருந்தது. வீட்டைக் காக்கும் நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டு, திருடன் வந்துவிட்டானே என்று வருந்துவது எப்படியோ அப்படியே இதுவும். நாலைந்து நாள் தண்ணீர் இல்லாமல் அவருடைய கரும்பு வாடியது. கூலியும் செம்பின் விலையுமாகக் கைப்பணம் போயிற்று. இதை அவர் விதியென்று கருதினார். விதியன்று, அறியாமை. அதிலும் அவருடைய குற்றமாகாத அறியாமை. அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எவரும் வந்ததில்லை.

மின்சாரம் தமிழ்நாட்டுக் கிராமத்திற்கு வந்த வரலாற்றை நமது வாசகர்கள் அறிவார்கள். 1932இல் பைகாராவிலும், 1937இல் மேட்டூரிலும், 1944இல் பாபநாசத்திலும் நீர்வீழ்ச்சியின் வலிமை மின்சாரமாக மாற்றப்பட்டது. அக்காலத்தில் மோட்டார் என்றால் கப்பலில் வந்த சரக்கு. 1937இல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் சேர்ந்து இந்நாட்டிலேயே மோட்டாரை உற்பத்தி செய்து காட்டினார்கள். அன்று தொடங்கிய முயற்சியின் பயனாகக் கோயம்புத்தூர், மோட்டாருக்கும் பம்புக்கும் தேசமெங்கும் பெயர் பெற்ற நகரமாயிற்று. செய்வதிலே சுதேசியம் வந்துவிட்டது. ஆனால், செய்த பொருளைக் காப்பதிலே அது இன்னும் வரவில்லை.

மின்சாரத்திற்காக விவசாயிகள் செய்த தியாகமும் சிறிதன்று. 1970 ஜூன் மாதம், யூனிட்டுக்கு ஒரு பைசா கட்டண உயர்வை எதிர்த்த கிளர்ச்சியில், பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையானார்கள். அதன் பின்னும் பல்லாண்டுப் போராட்டம் நடந்து, 1980களில் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை அது. ஆனால் கரண்டு இலவசமாக வந்தாலும் கருகிய காயில் இலவசமாக வருவதில்லையே! ஒரு கையால் பெற்றதை மறு கையால் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதை உழவர் இயக்கத்து அன்பர்கள் சிந்திக்க வேண்டும்.

மோட்டார் எதனால் மடிகிறது? பெரும்பாலும் சூட்டினால். சுருளின் கம்பிகளைப் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய காப்புப் பூச்சு. அதற்குரிய அளவைக் கடந்து ஒவ்வொரு 10 டிகிரி சூடு ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது நிபுணர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. பத்தாண்டு உழைக்க வேண்டியது ஐந்தாண்டிலும், இன்னும் பத்து டிகிரி ஏறினால் இரண்டரை ஆண்டிலும் போய்விடும்.

சூட்டை உண்டாக்கும் காரணங்களில் முதலாவது, மூன்று பேஸில் ஒன்று அறுந்துபோவது. ஐந்து குதிரைத் திறன் மோட்டார் முழு வேலை செய்யும்போது சுமார் ஏழரை ஆம்பியர் இழுக்கும். ஓடும்போதே ஒரு பேஸ் போய்விட்டால், அதே பாரத்தைச் சுமக்க, எஞ்சிய இரண்டு கம்பிகளிலும் சுமார் 13 ஆம்பியர் பாயும். மின்னோட்டம் ஒன்றே முக்கால் மடங்கானால், அது பாயும் சுருளில் சூடு மூன்று மடங்காகும். மோட்டார் நிற்காமல் முனகிக்கொண்டே ஓடும்; சில நிமிஷங்களில் கருகும். ரிலேயை அம்மோட்டாரின் தகட்டில் கண்ட ஆம்பியருக்குச் சரியாக வைத்திருந்தால் அது அறிந்து நிறுத்தியிருக்கும். 15 ஆம்பியருக்குத் திருப்பி வைத்தவருக்கு ரிலே இருந்தும் இல்லாததே.

இரண்டாவது, மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் இடங்களில், முறையில்லாத வேளையில் இரண்டு பேஸை வைத்துக்கொண்டு கண்டென்சர் சேர்த்து மோட்டாரை ஓட்டும் வழக்கம். பயிர் காயும்போது அப்படிச் செய்கிறவரை நாம் கடிந்துரைக்க முன்வரவில்லை. ஆனால், நொண்டிக் காளையைக் கமலையில் பூட்டுவதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. மூன்றாவது, மூன்று பேஸும் இருந்தும் அவற்றின் அழுத்தம் ஒத்திராமை. அந்த ஏற்றத்தாழ்வு 3.5 சதவீதம் இருந்தாலே சூட்டின் ஏற்றம் சுமார் 25 சதவீதம் மிகும். நான்காவது, கிணற்றில் நீர் வற்றிய பின்னும் நீர்மூழ்கி மோட்டாரை ஓடவிடுவது. அதைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள நீர்தான். நீர் இல்லையேல் அதற்கு மூச்சில்லை.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் உண்டு. அவை பெரும் செலவுடையனவும் அல்ல. பேஸ் அறுந்தால் நிறுத்தும் கருவியும், நீர் வற்றினால் நிறுத்தும் கருவியும் கடையிலே கிடைக்கின்றன. ஒவ்வொரு பேஸிலும் ஓடும் ஆம்பியரைக் கம்பியை வெட்டாமலே கவ்விப் பார்க்கும் மீட்டர் உண்டு. சுருளின் காப்பு கெட்டுவிட்டதா என்று முன்கூட்டியே காட்டும் மெக்கர் உண்டு. நெடுநாள் ஓடாமல் கிடந்த மோட்டாரை அதனால் சோதியாமல் ஓட்டலாகாது. கிடந்த மோட்டாரில் ஈரம் ஏறியிருக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, நல்ல எர்த் வேண்டும். மற்றத் தவறுகளால் போவது மோட்டார்; இந்தத் தவறால் போவது உயிர். ஈரக் காலுடன் ஸ்டார்ட்டரைத் தொட்டு மாண்டவர்களின் குடும்பங்கள் நமது கிராமங்களில் இருக்கின்றன.

இனி, சிக்கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டணமில்லாத மின்சாரத்தில் சிக்கனம் எதற்கு என்று கேட்பார் உளர். கணக்கைப் பார்ப்போம். ஐந்து குதிரைத் திறன் என்பது சுமார் 3.7 கிலோவாட். நூற்றுக்கு 80 பங்கு திறனுள்ள மோட்டார், இந்த வேலைக்கு 4.6 கிலோவாட் உண்ணும். 88 பங்கு திறனுள்ளது 4.2 தான் உண்ணும். நாளைக்கு 6 மணியாக ஆண்டில் 200 நாள் ஓடினால் வேற்றுமை சுமார் 500 யூனிட். ஒரு லட்சம் மோட்டாருக்கு 5 கோடி யூனிட். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்திற்கு மேற்பட்டவை. இந்த விரயத்திற்கான பணத்தைக் கட்டுவது பொதுப் பொக்கிஷம். அதை நிரப்புகிறவர்கள் நாமே. கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் பாரம் ஏறி அழுத்தம் தாழ்வதால், கடைசி வயலில் இருப்பவரின் மோட்டார்தான் முதலில் கருகுகிறது. அண்டை வீட்டாரின் விரயம் நம் வீட்டுச் சேதமாகிறது.

திறனைக் கெடுப்பதில் அரைகுறையாகக் காயில் கட்டுவதற்கும் பங்குண்டு. பழைய சுருளைக் கழற்ற அளவின்றித் தீயிட்டுக் கொளுத்தினால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளின் காப்பு கெடுகிறது. உரிய பருமனுக்குக் குறைந்த கம்பியைச் சுற்றினால் சூடு மிகுகிறது. ஆனால் முறைப்படி சுற்றினால் திறன் குறைவதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கங்கள் கூடிச் செய்து 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் முடிவு இதுவே. ஆகவே குறை, காயில் கட்டும் தொழிலில் இல்லை. தொழிலாளிக்குக் கல்வி கிடைக்காமையில் இருக்கிறது.

கல்வி அறவே இல்லையோவெனில், இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அடிப்படையான கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தோன்றியது. பட்டறையிலேயே பழகுவதற்கான சட்டம் 1961இல் வந்தது. அனுபவமுள்ளவருக்கு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று சர்க்கார் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. 1982இல் கர்நாடகத்து உஜிரேயில் தோன்றிய ஊரக சுயதொழில் பயிற்சி நிலையத்தைப் பின்பற்றி வங்கிகள் நடத்தும் நிலையங்களின் பாடங்களில், மோட்டார் சுற்றுதலும் பழுது பார்த்தலும் 30 நாள் பயிற்சியாக இடம்பெற்றுள்ளன. இவையெல்லாம் நல்லனவே. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்த இளைஞனுக்கு இரண்டாண்டுப் படிப்பு பொருந்தும். நாற்பது வயதாகி, நாலு ஊர் மோட்டாரைத் தோளில் சுமக்கும் கிராமத்து மெக்கானிக்குக்கு அது பொருந்துமா? அவர் கடையை மூடிவிட்டு மதுரைக்குப் போனால் அன்று வீட்டில் அடுப்பு எரியாது.

பயிற்சிக்கு நீண்ட காலம் வேண்டும் என்பதை ஜி.டி. நாயுடு அவர்கள் என்றுமே ஒப்பவில்லை. 1945இல் கோயம்புத்தூரில் தோன்றிய ஆர்தர் ஹோப் தொழிற் கலாசாலைக்கு அவரே முதல் தலைவர். நான்கு ஆண்டுப் படிப்பு வீண். இரண்டே போதும் என்று வாதாடி, அக்காலத்து ஆங்கில சர்க்கார் இணங்காமற்போகவே அவர் பதவியை விட்டு விலகினார். அவருடைய கணக்கை முழுதும் ஒப்புக்கொள்ளாதவர்களும், கையால் செய்து கற்பதே கல்வி என்ற அவருடைய கருத்தை மறுக்க மாட்டார்கள்.

ஆதலின் நாம் கூறும் யோசனை யாதெனில்: அறுவடை முடிந்து கிணற்று வேலை குறைந்திருக்கும் காலத்தில், கிராமத்திலேயே ஏழு நாள் பயிற்சி நடத்தப்பட வேண்டும். கலாசாலைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கிராமத்திற்கு வரட்டும். மதுரையில் தியாகராசர் பொறியியற் கல்லூரி 1957 முதல் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. தகட்டைப் படிக்கவும், ரிலேயைச் சரியாக வைக்கவும், மூன்று பேஸிலும் ஆம்பியரை அளக்கவும், காப்பைச் சோதிக்கவும், பேரிங்குக்கு அளவாகக் கிரீஸ் இடவும், எர்த்தைப் பரிசோதிக்கவும் அங்கே ஓடும் மோட்டாரையும் கருகிய மோட்டாரையும் வைத்தே கற்பிக்கட்டும். பாடம் தமிழில் இருக்கட்டும். ஒவ்வொரு ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியிலும் ஒட்டக்கூடிய ஒரு பக்கத் தாளாகவும் அது அச்சாகட்டும். மீட்டரும் மெக்கரும் தனி ஒருவர் வாங்கத் தயங்கும் பொருள்கள். கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று இருந்தால் ஊருக்கே போதும். பஞ்சாயத்துக்கு இருவர் தேறினாலும் பெரிய லாபமே.

இது சர்க்கார் செய்ய வேண்டிய வேலை, அரசியல் தொண்டர்களுக்கு இதில் என்ன என்று சிலர் வினவலாம். சட்டம் பயின்றவர்களாகிய நாம் ஒன்று சொல்லுவோம். சட்டத்தால் உரிமை கிடைக்கும். அதை அனுபவிக்கும் திறமையைச் சட்டம் தராது. கட்டணமில்லா மின்சாரத்திற்காகக் கொடி பிடித்தவர்கள், அந்த மின்சாரம் பயிருக்கு நீராகப் போய்ச் சேரும் வரை தம் கடமை முடிந்ததாகக் கொள்ளலாகாது. ஊருக்குப் பத்து நாற்காலி தேடுவதும், ஒரு கொட்டகை கேட்பதும், கலாசாலைக்கு ஒரு கடிதம் எழுதுவதும் தொண்டர்களால் ஆகாத காரியங்களா?

2017 ஜனவரியில், தங்கள் காளையின் உரிமைக்காக அலங்காநல்லூர் இளைஞர்கள் இரவு பகலாக வாடிவாசலில் அமர்ந்திருந்ததை உலகம் கண்டது. மாட்டின் மீதுள்ள அந்த அக்கறையில் ஒரு சிறு பங்கு, அதன் இடத்தில் இன்று நீர் இறைக்கும் யந்திரத்தின் மீதும் செல்லட்டும் என்றே வேண்டுகிறோம். நாம் கண்ட பெரியவர் அடுத்த கோடையில் மோட்டாரை வண்டியில் ஏற்றாமலிருந்தால், அதுவே இப்பத்திரிகைக்குப் போதிய வெகுமதி.