105 யாருடைய எண்?

கேபிள் டிவி காலத்திலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கம் லைன் வேலை பார்க்கிறேன். இப்போது முழுக்க ஃபைபர். ஒகேனக்கல் போகிற மலைப்பாதையில் காட்டை ஒட்டிய ஊர்கள் இவை. மரம் விழுந்தாலும் லைன் போகும், யானை கம்பத்தைச் சாய்த்தாலும் போகும். அதனால் நெட் நின்றாலே "லைன் கட்டாயிடுச்சுங்களா அண்ணா?" என்றுதான் போன் வரும். "பெட்டியில செவப்பு லைட் எரியுதா, பாருங்க" என்பேன். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை, நான் வண்டியை எடுக்க வேண்டும். அது எரியாமல், வைஃபை புள்ளிகளும் நிறைய இருந்து, ஒரே ஒரு போனிலோ லேப்டாப்பிலோ மட்டும் நெட் வந்து வந்து போனால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அப்படி ஒரு வீடு. வீட்டை ஒட்டி ராகிக் காடு. யானை இறங்குகிறதா என்று பார்க்க மோட்டார் ரூம் சுவரில் வைஃபை கேமரா வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மீட்டிங் நடுவில் அறுந்துபோகும், கொஞ்ச நேரத்தில் தானாக வரும், மறுபடி போகும். கூடுதல் வேக பிளான் போட்டார்கள், ரூட்டரை மாற்றினார்கள், தீரவில்லை. வேலையே போய்விடுமோ என்று அவள் பயந்துபோயிருந்தாள். "கரண்ட் போய் வந்தா மட்டும்தான் இப்படி ஆகுதுண்ணா" என்று அவள் சொன்னதில்தான் விடை இருந்தது.

வீட்டில் வைஃபை பிடிக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி எண் வேண்டும். ரூட்டருக்கு 192.168.1.1 என்றால், அது மற்றவற்றுக்கு, உதாரணமாக, 192.168.1.100 முதல் 199 வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். பெரும்பாலும் ஒரு நாள் கெடுவுக்கு; கெடு முடியுமுன் கருவி புதுப்பித்துக்கொள்ளும். யாருக்கு எந்த எண் என்ற கணக்கும் ரூட்டரிடம் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். ஆனால் கேமரா மாட்டியவர், எண் மாறினால் படம் தெரியாது என்று 105-ஐ கேமராவுக்குள்ளேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். கேமரா ரூட்டரிடம் எண் கேட்பதே இல்லை. ரூட்டரின் கணக்கிலும் அது கிடையாது.

கரண்ட் இருக்கும்வரை பிரச்சினை வரவில்லை. கொடுக்குமுன் அந்த எண்ணில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று பல ரூட்டர்கள் சோதிக்கும். கேமரா பதில் சொல்லும். ரூட்டர் 105-ஐத் தாண்டிப் போகும். கரண்ட் போனால் பல வீட்டு ரூட்டர்களில் பழைய கணக்கு அழிந்துவிடும். அந்த வீட்டில் வீட்டு லைனுக்கு முதலில் கரண்ட் வரும், மோட்டார் ரூமுக்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் 105 காலியாகத் தெரிய, ரூட்டர் அதை லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும். பின்னாலேயே கேமரா எழுந்து, அதே எண்ணோடு வந்து உட்காரும்.

அடுத்து நடப்பதுதான் வந்து வந்து போவதற்குக் காரணம். நாட்றாம்பாளையம் பஸ் ஸ்டாப்பில் நின்று "மாதேஷ்" என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று பேர் திரும்புவார்கள். ரூட்டரும் அப்படித்தான், "105 யார்?" என்று வீடு முழுக்கக் கூவிக் கேட்கும். ஏஆர்பி என்ற இந்த வழக்கம் 1982-இல் வகுக்கப்பட்டது. கடைசியாகப் பதில் சொன்னவர் யாரோ அவருக்கே தகவல் போகும். கடைசிப் பதில் லேப்டாப்பினுடையது என்றால் மீட்டிங் ஓடும், கேமராவினுடையது என்றால் அறுந்துவிடும். ஓர் எண்ணை எடுக்குமுன் கருவியே "இது யாரிடமாவது இருக்கிறதா?" என்று விசாரிக்க வேண்டும் என்று 2008-இல் ஆப்பிளின் ஸ்டூவர்ட் செஷையர் எழுதிய விதி ஒன்று உண்டு. எல்லாக் கருவியும் அதைக் கடைப்பிடித்தால் எனக்குப் பாதி வேலை குறையும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. தகராறு செய்யும் கருவியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் வைஃபையை அணைத்துவிடுங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அதே எண்ணுக்குப் பிங் கொடுங்கள். அணைத்த பிறகும் பதில் வருகிறதென்றால் அந்த எண்ணில் இன்னொருவர் இருக்கிறார். பதில் வராவிட்டாலும் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் "ஏஆர்பி -ஏ" கட்டளை கொடுத்தால், எந்த எண் எந்த மேக் முகவரியிடம், அதாவது எந்தக் கருவியின் சொந்த அடையாளத்திடம், இருக்கிறது என்று பட்டியல் வரும். அந்தக் கேமராவின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் பட்டியலிலும் ஒரே மேக் முகவரி. அதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை.

தீர்வைக் கருவியில் செய்யாதீர்கள், ரூட்டரில் செய்யுங்கள் என்று பார்க்கிற எல்லாரிடமும் சொல்கிறேன். கேமராவில் தானாக எண் வாங்கும்படி மாற்றிவிட்டு, ரூட்டரின் பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அதன் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டால் போதும். எண்ணும் மாறாது, ரூட்டருக்கும் தெரிந்திருக்கும். அந்த வசதியில்லாத ரூட்டர் என்றால் 100-க்குக் கீழே, 20 போன்ற எண்ணைக் கேமராவுக்குப் போடலாம். அந்த வரிசையை ரூட்டர் யாருக்கும் கொடுக்காது. ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்பார்கள். அப்போது கருவிக்கு வேறு எண் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

இதைவிட அதிகமாக நான் பார்ப்பது இரண்டாவது ரூட்டர். மாடியில் சிக்னல் இல்லையென்று பழைய ரூட்டரை எடுத்து லேன் ஓட்டையில் கேபிள் சொருகிவிடுகிறார்கள். இரண்டும் 192.168.1.1, இரண்டும் எண் கொடுக்கும், ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியாது. மாடி ரூட்டரில் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் எண்ணை 192.168.1.2 ஆக்கிவிட்டால் இரண்டும் ஒற்றுமையாக ஓடும்.

பக்கத்து வீட்டிலும் 192.168.1.1 இருக்கிறதே, மோதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மோதாது. உலகத்துக்கு மொத்தமே சுமார் 429 கோடி பழைய வகை எண்கள்தான். அதனால் 1994-இல் சில வரிசைகளை வீட்டுக்குள் மட்டும் புழங்க ஒதுக்கினார்கள், 192.168 அதில் ஒன்று. வெளியே போகும்போது ரூட்டர் அதை மாற்றிவிடும். மைய இருப்பிலிருந்த பழைய எண்கள் 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டன. புதிய ஐபிவி6 வகையில் எண் எடுக்குமுன் விசாரிப்பது விதியிலேயே இருக்கிறது. ஆனால் கேமரா, பிரிண்டர் பலவும் இன்னும் பழைய எண்ணில்தான் ஓடுகின்றன.

ஒரே ஒரு வேண்டுகோள். ரூட்டர் பின்னால் ஊசி நுழைகிற அளவுக்கு இருக்கும் ரீசெட் ஓட்டையைக் குத்தாதீர்கள். எண் தகராறோடு, இணைப்புக்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அது நடந்தால், அலுவலகம் திறக்கும்வரை நெட் கிடையாது.